சீன, ஜப்பானியத் தொல்லியலையும் பழங்கலையையும் அறிய: ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு நடக்கும் வழி

சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன் வட சீனாவில் ஓர் அரசிக்குப் பேறுகாலம் நெருங்கியது. ஆமையின் அடியோட்டில் சிறு குழி செதுக்கி, அதில் சூடு வைத்து, மறுபக்கம் விழுந்த வெடிப்பைப் பார்த்து அரசர் வூ திங் குறி சொன்னார். இன்ன நாளில் பிறந்தால் நல்லது, இன்னொரு நாளில் பிறந்தால் மிக நல்லது என்று. 31 நாள் கழித்து நடந்ததையும் அதே ஓட்டில் பொறித்து வைத்திருக்கிறார்கள்: ‘நல்லதாக அமையவில்லை, பெண் குழந்தை.’

அந்த அரசியின் பெயர் ஃபூ ஹாவ். படை நடத்திப் போனவர் என்று வேறு ஓடுகளும் எலும்புகளும் சொல்கின்றன. 1976இல் ஆன்யாங் நகரத்தில் அவருடைய கல்லறை கொள்ளையர் கைபடாமல் முழுதாகக் கிடைத்தது. 468 வெண்கலப் பொருள்கள், 755 ஜேட் கற்கள், 6,800க்கும் மேற்பட்ட சோழிகள். கூடவே பலியிடப்பட்ட 16 மனிதர்கள்.

சீனத் தொல்லியலுக்குள் எனக்குக் கதவு திறந்தது இந்த ஒரு ஓட்டில்தான். அதற்கு முன் வம்சப் பட்டியலை மனப்பாடம் செய்ய முயன்று மூன்று முறை கைவிட்டிருக்கிறேன். பட்டியலில் தொடங்குபவர் பாதியில் நிற்பார். ஒரு பொருளில் தொடங்குபவர் பட்டியலைத் தானே தேடி வருவார். எந்தப் பொருளை எடுத்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எப்படிச் செய்தார்கள்? மண் இதை எப்படிக் காத்தது? மண்ணிலிருந்து யார் கைக்குப் போனது? கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கேள்விகளுக்கான பயிற்சிதான்.

படி 1: காலத்தை நமக்குத் தெரிந்த ஆணியில் மாட்டுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் சீனா, வலப்பக்கம் ஜப்பான். ஓரத்தில் நம் ஊர்க் காலங்களைக் குறித்துக்கொண்டால் மறக்காது.

ஹான் வம்சம் (கி.மு. 206 – கி.பி. 220) ஏறக்குறைய நம் சங்க காலத்தோடு ஓடுகிறது. தாங் வம்சம் (618–907) பல்லவர்களின் சமகாலம். சோங் வம்சம் (960–1279) சோழர்களின் சமகாலம். ராஜராஜன் காலத்தில் புறப்பட்ட சோழத் தூதுக்குழு 1015இல் சோங் அரசவையை அடைந்தது என்று சீனக் குறிப்புகளே சொல்கின்றன. ஃபூ ஹாவ் வாழ்ந்த ஷாங் காலம் இவற்றுக்கெல்லாம் வெகு முன்னே, கி.மு. 1600க்கும் 1046க்கும் இடைப்பட்டது.

ஜப்பானின் கணக்கு வேறு. அங்கே சுமார் 16,000 ஆண்டுகளுக்கு முன்பே பானை வனைந்தார்கள். வேட்டையாடி, மீன் பிடித்து, கொட்டைகள் பொறுக்கி வாழ்ந்த அந்த நீண்ட காலத்துக்கு ஜோமோன் என்று பெயர். பிறகு நெல்லும் உலோகமும் வந்த யாயோய்; பெரிய மண்மேட்டுக் கல்லறைகளின் கொஃபுன்; பௌத்தம் வேரூன்றிய அசுகா; நாரா தலைநகராயிருந்த 710–794. முதல் ஆறு மாதத்துக்கு இவ்வளவு போதும். சாமுராய்களையும் மிங் பீங்கானையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: ஒரே ஒரு மூலப்பொருளில் ஆறு மாதம் தங்குங்கள்

ஜேட், களிமண், பட்டு, அரக்கு, மரம் எதுவானாலும் சரி. நான் வெண்கலத்தைச் சிபாரிசு செய்வேன். காரணம், தமிழருக்கு வெண்கல வார்ப்பு அந்நியமில்லை. சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுகிறார்கள். ஷாங் காலத்துச் சீனர்கள் நேர் எதிர்த் திசையில் போனார்கள்.

முதலில் களிமண்ணில் பாத்திரத்தின் மாதிரியைச் செய்வார்கள். அதன்மேல் ஈரக் களிமண்ணை அழுத்திப் பதித்து, பலாச்சுளை பிரிப்பதுபோல் துண்டு துண்டாக எடுப்பார்கள். அதுதான் வெளி அச்சு. பிறகு உள்ளே நிற்கும் மாதிரியைச் சுற்றிலும் சுரண்டுவார்கள். எவ்வளவு சுரண்டினார்களோ அவ்வளவுதான் பாத்திரத்தின் கனம். துண்டுகளைத் திரும்பச் சுற்றிக் கட்டி, இடைவெளி குலையாமல் இருக்கச் சின்னச் சின்ன வெண்கலச் சில்லுகளைச் செருகி, உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள்.

இது தெரிந்ததும் அருங்காட்சியகத்தில் உங்கள் பார்வையே மாறிவிடும். மூன்று கால் அல்லது நான்கு கால் கொண்ட ‘திங்’ என்ற சமையல் பாத்திரத்தின் முன் நின்று, முதலில் மூலைகளைப் பாருங்கள். அங்கே செங்குத்தாக ஓடும் முகடு வெறும் அலங்காரம் இல்லை; அச்சுத் துண்டுகள் சேரும் இடத்துப் பிசிறை மறைக்கவும் அது உதவியது. குனிந்து காலுக்கு இடையில் அடிப்பகுதியைப் பாருங்கள். மறைக்கப்படாத இணைப்புக் கோடு பெரும்பாலும் அங்கே தெரியும். பாத்திரத்தின் மேலிருந்து உங்களையே பார்க்கும் இரட்டைக் கண் முகத்துக்கு ‘தாவ்தியே’ என்று பெயர். மூக்கை நடுவாக வைத்துப் பாதியாக மறைத்துப் பாருங்கள்: பக்கவாட்டில் நிற்கும் ஒரு விலங்கு தெரியும். இரண்டு விலங்குகள் மூக்கோடு மூக்கு சேர்ந்ததே அந்த முகம்.

இந்த முறையில் எவ்வளவு பெரிய பொருளைச் செய்தார்கள் என்றால், பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹோவ்முவூ திங்கின் எடை 832.84 கிலோ. ஆன்யாங்கில் 1939இல் கிடைத்தது. இப்போது பச்சையாகத் தெரிகிற இவை செய்த நாளில் பொன்போல் மின்னியவை என்பதையும் மனதில் வையுங்கள்.

அடுத்து, இதே காலத்தில் சிச்சுவான் மாகாணத்தில் இருந்த சான்சிங்துய்க்குப் போங்கள். 1986இல் கிடைத்த இரண்டு குழிகளில் 2.62 மீட்டர் உயர மனித உருவமும், 3.96 மீட்டர் உயர வெண்கல மரமும், கண்கள் உருளையாக வெளியே நீட்டிய முகமூடிகளும் இருந்தன. பலவற்றை உடைத்து, எரித்துப் புதைத்திருக்கிறார்கள். எழுத்து ஒன்றும் கிடைக்கவில்லை. சீன நாகரிகம் மஞ்சள் ஆற்றங்கரையில் ஒற்றை ஊற்றாகப் பொங்கியது என்ற பழைய எண்ணத்தை இந்தக் குழிகள் அசைத்துவிட்டன. 2019 தொடங்கி மேலும் ஆறு குழிகள் கண்டறியப்பட்டன.

காதுக்கும் விருந்து வேண்டுமென்றால் வூஹானில் உள்ள ஹூபெய் மாகாண அருங்காட்சியகம். கி.மு. 433ஐ ஒட்டிப் புதைக்கப்பட்ட ஸெங் சிற்றரசர் யீயின் 65 வெண்கல மணிகள் அங்கே இருக்கின்றன. 1978இல் தோண்டியெடுத்தவை. ஒவ்வொரு மணியும் இரண்டு சுரம் தரும்: நடுவில் தட்டினால் ஒன்று, ஓரத்தில் தட்டினால் இன்னொன்று. எங்கே தட்டினால் என்ன சுரம் என்று மணியிலேயே எழுதியிருக்கிறது.

படி 3: மண் எதைக் காக்கும், எதைத் தின்னும் என்று கேளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் கடைசி வரை அழகுப் பொருள் ரசிகர்களாகவே நின்றுவிடுகிறார்கள். தொல்லியல் பிடிபடுவது இங்கேதான்.

ஜப்பானின் மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது, எலும்பைக் கரைத்துவிடும். ஆனால் ஜோமோன் மக்கள் தின்றுபோட்ட சிப்பிகள் மலைபோல் குவிந்த இடத்தில், சிப்பியின் சுண்ணாம்பு அமிலத்தை முறித்து, மீன் முள்ளைக்கூட விட்டுவைத்திருக்கிறது. 1877இல் யோகோஹாமாவிலிருந்து டோக்கியோ போகும் ரயிலின் ஜன்னலோரம் இருந்த அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் மோர்ஸ், ஓமோரியில் தண்டவாளத்தை ஒட்டி அப்படியொரு சிப்பி மேட்டைக் கண்டார். ஜப்பானில் நவீன அகழாய்வு அங்கிருந்துதான் தொடங்கியது. பானைகளில் கயிற்றை உருட்டிப் பதித்த தடம் இருந்ததால் அவர் வைத்த பெயரின் மொழிபெயர்ப்பே ‘ஜோமோன்’.

வீட்டில் செய்து பாருங்கள். முறுக்கிய சணல் கயிறு ஒன்றை ஈரக் களிமண்மேல் உள்ளங்கையால் உருட்டினால் சாய்ந்த அரிசி மணிகள்போல் வரிசையாகப் பதியும். கயிற்றை எதிர்த்திசையில் முறுக்கினால் மணிகளின் சாய்வும் மாறும். பத்து நிமிடம்தான் ஆகும். அதன்பின் எந்த ஜோமோன் பானை ஓட்டைப் பார்த்தாலும் அதன்மேல் ஒரு கை நகர்வது உங்களுக்குத் தெரியும்.

மரத்தைக் காப்பது ஈரம். காற்றுப் புகாத சேற்றில் மரம் அழுகாது. 1988இல் நாரா நகரத்தில் ஒரு பெரிய கடை கட்டுவதற்குமுன் தோண்டியபோது 35,000க்கும் மேற்பட்ட மரச்சீட்டுகள் கிடைத்தன. ‘மொக்கான்’ என்பார்கள். காகிதம் அரிதாக இருந்த 8ஆம் நூற்றாண்டில் ரசீது, கடிதம், மூட்டையில் கட்டும் அடையாளச் சீட்டு எல்லாம் இதில்தான். ஒரு சீட்டில் ‘இளவரசர் நாகாயாவின் மாளிகைக்கு, அபலோன் சிப்பி, பத்துக் கட்டு’ என்று இருந்தது. அது யாருடைய வீடு என்பது அதனால்தான் உறுதியாயிற்று. சீட்டின் தலைப்பக்கம் இரு ஓரத்திலும் முக்கோண வெட்டு இருந்தால் அது கயிறு கட்டுவதற்கு. சரக்கோடு வந்தது என்று தெரிந்துகொள்ளலாம். எழுதியதைக் கத்தியால் சீவிவிட்டு அதே மரத்தில் மறுபடி எழுதுவார்கள். அந்தச் சீவல்களையும் ஒன்றுவிடாமல் பொறுக்கிப் படிக்கிறார்கள். எழுத்தர் சீவித் தள்ளிய குப்பை வரலாறாக நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

சீனாவின் சாங்ஷா அருகே மாவாங்துயில், கரியும் வெள்ளைக் களிமண்ணும் அடுக்கடுக்காகப் போட்டு மூடிய கல்லறையில் ஈராயிரம் ஆண்டு கடந்தும் சின் சுய் என்ற சீமாட்டியின் உடல் தசை மென்மை குறையாமல் கிடைத்தது. கூடவே இருந்த மெல்லிய பட்டு மேலாடை ஒன்றின் எடை 49 கிராம்.

எடுத்ததால் கெட்டதும் உண்டு. சீஆன் அருகே 1974இல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்ட சுடுமண் படைவீரர்கள் உண்மையில் வண்ணம் பூசியவர்கள். வண்ணத்துக்கு அடியில் அரக்கு மரத்தின் பாலைப் பூசியிருந்தார்கள். ஈர மண்ணிலிருந்து வெளியே வந்ததும் அந்தப் பூச்சு சில நிமிடங்களிலேயே காய்ந்து சுருண்டு, வண்ணத்தோடு உதிர்ந்தது. இன்று தோண்டும்போதே வேதிப்பொருள் செலுத்திப் பிடித்துவைக்கிறார்கள். அந்த வீரர்கள் காவல் நிற்கும் சீன முதல் பேரரசரின் கல்லறை மேட்டை இன்னும் திறக்காததற்கு இந்த அனுபவம் ஒரு பெரிய காரணம். ஜப்பானில் 1972இல் திறந்த தகாமத்சுசுகா கல்லறை ஓவியங்களைப் பூஞ்சை தின்னத் தொடங்கி, 2007இல் கல்லறையையே கல் கல்லாகப் பிரித்து எடுக்க வேண்டியதாயிற்று. தோண்டாமல் விடுவதும் தொல்லியலின் வேலைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படி 4: பொருள் கைமாறிய கதையையும் படியுங்கள்

நாம் தொடக்கத்தில் பார்த்த குறி எலும்புகள் முதலில் வந்து சேர்ந்தது மருந்துக் கடைக்கு. ‘டிராகன் எலும்பு’ என்று இடித்துப் பொடியாக்கி மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள். 1899இல் அறிஞர் வாங் யீரோங் அவற்றில் பழைய எழுத்து இருப்பதை அடையாளம் கண்டார். விலை ஏறியது. எங்கிருந்து வருகிறது என்பதை வியாபாரிகள் மறைத்தார்கள். ஆன்யாங் என்பது வெளிப்படப் பல ஆண்டுகள் ஆயின. முறையான அகழாய்வு 1928இல்தான் தொடங்கியது. இடையில் எத்தனை பொடியாகிப் போயினவோ! 1936இல் ஒரே குழியில் 17,000க்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைத்தபோது, மண்ணோடு மொத்தமாகப் பெயர்த்துப் பெட்டியில் அடைத்து நான்ஜிங்குக்கு அனுப்பினார்கள். எந்த ஓடு எதன் பக்கத்தில் கிடந்தது என்பதற்கு அவ்வளவு மதிப்பு.

துன்ஹுவாங்கின் மொகாவோ குகைகள் இன்னும் வேதனையான பாடம். கோபி பாலைவன ஓரத்தில் 4ஆம் நூற்றாண்டிலிருந்து ஆயிரம் ஆண்டு குடைந்த குகைகளில் 492இல் ஓவியமும் சிலையும் இருக்கின்றன. 1900இல் வாங் யுவான்லூ என்ற தாவோயிசத் துறவி, சுவருக்குள் அடைத்திருந்த சிற்றறையில் பல்லாயிரம் ஏடுகளைக் கண்டார். ஐரோப்பிய ஆய்வாளர்களான ஆரல் ஸ்டைன் 1907இலும் பால் பெலியோ 1908இலும் அவருக்குச் சிறு தொகை கொடுத்து வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள். கி.பி. 868 என்று தேதி அச்சிட்ட வைர சூத்திரம் என்ற பௌத்த நூல் இன்று லண்டனில் இருக்கிறது. எந்த அருங்காட்சியகத்தில் எதைப் பார்த்தாலும், பொருளின் பக்கத்தில் ‘வாங்கிய ஆண்டு’ என்று சின்னதாக எழுதியிருப்பதைப் படிக்காமல் நகராதீர்கள்.

படி 5: இரு நாட்டையும் கடலோடு சேர்த்துப் பாருங்கள்

1784இல் ஃபுகுவோகா அருகே ஷிகானோஷிமா தீவில் வாய்க்கால் செப்பனிட்ட ஒரு விவசாயிக்குத் தங்க முத்திரை ஒன்று கிடைத்தது. பக்கத்துக்கு 2.3 சென்டிமீட்டர், எடை 108 கிராம். பிடி, சுருண்ட பாம்பு. ‘ஹானின் கீழ் உள்ள வா நாட்டின் நா அரசர்’ என்று ஐந்தே எழுத்துகள். வா என்பது ஜப்பானுக்குச் சீனர் சொன்ன பழைய பெயர். கி.பி. 57இல் ஹான் பேரரசர் இப்படியொரு முத்திரை தந்ததாகச் சீன வரலாறு சொல்கிறது. போலியோ என்ற சந்தேகம் நெடுங்காலம் இருந்தது. 1956இல் யுன்னானில் பாம்புப் பிடி கொண்ட இன்னொரு தங்க முத்திரையும், 1981இல் ஜியாங்சூவில் அதே அளவில், ஓராண்டே பிந்திய வேறொன்றும் கிடைத்த பிறகு பெரும்பாலோர் நம்பத் தொடங்கினார்கள். ஓர் ஊரில் கிடைத்த பொருளுக்கு இன்னொரு நாட்டு மண் சாட்சி சொன்னது.

நாராவின் தோதாய்ஜி கோயிலை ஒட்டி, தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மரக் களஞ்சியம் ஷோசோயின். 756இல் அரசி கோம்யோ மறைந்த கணவரின் பொருள்களைப் புத்தருக்குக் காணிக்கையாக்கினார். பாரசீகத்துக் கண்ணாடிக் கிண்ணம், ஒட்டகத்தின்மேல் இருந்து வாசிக்கும் மனிதனைச் சிப்பியில் பதித்த ஐந்து தந்தி வீணை, மருந்துச் சரக்குகளின் நடுவே மிளகு. இவை மண்ணுக்குள் போனதே இல்லை. 1,200 ஆண்டுக்கு மேலாகக் கணக்கேட்டோடு அலமாரியில் இருந்தவை.

அருகிலேயே ஹோரியூஜி. உலகின் மிகப் பழைய மரக் கட்டடங்கள் அங்கேதான். 670இல் அந்தக் கோயில் எரிந்ததாகப் பழைய வரலாறு எழுதுகிறது. இப்போது நிற்கும் கோபுரத்தின் நடுத்தூணோ, ஆண்டு வளையத்தை எண்ணியதில், 594இல் வெட்டிய மரம். எரிந்த கோயிலுக்குப் பின் கட்டிய கோபுரத்தில் அவ்வளவு பழைய மரம் எப்படி வந்தது என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். 1949இல் அதன் பொன்மண்டபச் சுவரோவியங்கள் தீயில் கருகின. அந்த அதிர்ச்சியில் பிறந்ததே ஜப்பானின் 1950ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம்.

படி 6: சுருள் ஓவியத்தை வலமிருந்து இடமாகப் பாருங்கள்

சீன, ஜப்பானியக் கைச்சுருள் ஓவியம் சுவரில் மாட்ட வரைந்தது இல்லை. ஒரு கை நீளம் விரித்து, பார்த்து, சுருட்டி, அடுத்ததை விரிக்க வேண்டும். ஜாங் ஸெதுவான் வரைந்த ‘சிங்மிங் ஆற்றங்கரை’ 5 மீட்டருக்கு மேல் நீளம். முழுதாக ஒரே பார்வையில் பார்த்தால் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். கணினியில் பெரிதாக்கி வலக்கோடியிலிருந்து மெல்ல நகர்த்தினால் பாலத்தடியில் படகோட்டிகள் கூச்சலிடுவது கேட்கும். ஓவியத்தின்மேல் கிடக்கும் சிவப்பு முத்திரைகள், வைத்திருந்தவர்களின் பெயர்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: பட்டும் காகிதமும் வெளிச்சத்தில் மங்கும். அதனால் ஆண்டில் சில வாரங்களே வெளியே வைப்பார்கள். ஒரே ஓர் ஓவியத்துக்காக நான் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனபோது அது முந்தின வாரமே உள்ளே போயிருந்தது. காட்சிப் பட்டியலைத் தேதியோடு பார்த்த பிறகே டிக்கெட் போடுங்கள்.

படி 7: வீட்டிலிருந்தே தொடங்குங்கள்

ஜப்பான் தேசிய அருங்காட்சியகங்களின் பொருள்கள் ‘கோல்பேஸ்’ தளத்தில் இலவசம். துன்ஹுவாங் கலைக்கழகம் 2016இல் 30 குகைகளை இணையத்தில் திறந்தது. ஒவ்வொன்றிலும் தலையைத் திருப்பிப் பார்க்கலாம். தைப்பே அரண்மனை அருங்காட்சியகமும் நியூயார்க் மெட்ரோபாலிடனும் உயர்தரப் படங்களைத் தருகின்றன. ஒரு நோட்டு வாங்கி வாரம் ஒரு பொருளை பென்சிலால் வரையுங்கள். வரைபடம் அழகாக வர வேண்டியதில்லை. இணைப்புக் கோடு எங்கே, உடைந்து ஒட்டிய இடம் எங்கே என்று கண் தேடப் பழகினால் போதும்.

படி 8: போலிக்கு எச்சரிக்கை

ஜப்பானில் பழைய கற்காலத்தை லட்சக்கணக்கான ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிய கண்டுபிடிப்புகள் இருபது ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தன. 2000 நவம்பரில் மைனிச்சி நாளிதழ் ஒரு படத்தை வெளியிட்டது: கண்டுபிடித்தவரே விடியற்காலையில் குழிக்குள் கல்லைப் புதைக்கிறார். பாடநூல்களைத் திருத்தினார்கள். எல்லாரும் கேட்க விரும்பியதை அந்தக் கற்கள் சொன்னதால் யாரும் மண்ணடுக்கைக் கடுமையாகச் சோதிக்கவில்லை. நமக்கும் இது பொருந்தும். போதிதர்மர் காஞ்சிபுரத்து இளவரசர் என்பதை உறுதியான வரலாறாகப் பகிர்கிறோம். அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு அவரைப் பாரசீகர் என்கிறது. அடுத்தது தென்னிந்திய அரசரின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சி பிற்கால மரபு.

பழம்பொருள் எதையும் வாங்காதீர்கள். பீங்கானின் அடியில் இருக்கும் பேரரசர் முத்திரை காலத்துக்குச் சான்றாகாது. முன்னோரை மதித்தே பழைய முத்திரையைப் போட்டவர்கள் உண்டு, ஏமாற்றப் போட்டவர்களும் உண்டு. உண்மையான பொருளாக இருந்தாலோ, திருட்டு அகழ்விலிருந்து வந்திருக்கும் ஆபத்து பெரிது.

படி 9: பயணம்

சீனாவுக்கு முதல் முறை என்றால் பெய்ஜிங், ஆன்யாங், சீஆன் மூன்றும் அதிவேக ரயிலில் இணையும். ஆன்யாங்கில் யின்சூ அருங்காட்சியகத்தின் புதிய கட்டடம் 2024இல் திறந்தது. ஃபூ ஹாவின் கல்லறைக் குழியையும் ஆன்யாங்கிலேயே பார்க்கலாம். பெரிய இடங்களுக்கு பாஸ்போர்ட் எண்ணோடு முன்பதிவு அவசியம். மொகாவோவில் வழிகாட்டியோடு குறிப்பிட்ட சில குகைகளே. உள்ளே படம் எடுக்க முடியாது. இணையத்தில் 30 குகைகளை முன்பே பார்த்துவிட்டுப் போனால் அந்த இருட்டில் கண் தடுமாறாது.

ஜப்பானில் டோக்கியோ உவேனோவின் தேசிய அருங்காட்சியகத்தில் தொல்லியல் கூடத்துக்கு ஒரு நாள் முழுதும் ஒதுக்குங்கள். பிறகு நாரா. அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை ஷோசோயின் பொருள்களில் சில மட்டும் நாரா தேசிய அருங்காட்சியகத்தில் வெளிவரும். கூட்டம் நெரியும், காலையிலேயே போய்விடுங்கள். தங்க முத்திரை ஃபுகுவோகா நகர அருங்காட்சியகத்தில். இரு நாட்டிலும் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை.

தமிழராக இன்னும் ஓர் ஊரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஃபூஜியன் கடற்கரையில் உள்ள ச்சுவான்சோ. 1281இல் சித்திரை மாதம் இங்கே சிவனை எழுந்தருளப் பண்ணினார் சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர். மங்கோலியப் பேரரசரின் திருமேனி நலத்துக்காக என்று தமிழில் கல்வெட்டும் வெட்டினார். கீழே ஒரு வரி சீனம். அந்தக் கோயில் இன்று இல்லை. அதன் கற்கள் ஊரெங்கும் சிதறின. லிங்கத்துக்கு யானை பூச்சாத்தும் சிற்பம் கிடைத்திருக்கிறது. பார்த்ததும் திருவானைக்காவல் நினைவுக்கு வரும். ஊரின் கையுவான் பௌத்தக் கோயிலில் கண்ணன் மருதமரங்களைச் சாய்க்கும் காட்சி செதுக்கிய தூண்களும் நிற்கின்றன. அவை பெரிய மண்டபத்தின் பின்தாழ்வாரத்தில் இருப்பவை. பலரும் முன்வாசலில் புத்தரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள்.